ஏழாவது மாடியில் இடி, இரண்டு தடவை

அம்மா, அண்ணா, அண்ணி, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் போன் அடிக்கக் கூடாது, முக்கியமாக அம்மா. தட்டெழுதப் பொறுமை இல்லாமல், வாயால் சொல்லிச் சொல்லிப் போனையே எழுதவைக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிற நாள். என் மேலதிகாரி மேடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த ஊரில் இருக்கலாம், போடாவிட்டால் அடுத்த மாதமே பெட்டி கட்ட வேண்டும். படிவம் காலையிலேயே அவர் மேஜைக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி நான் பதினோரு தடவை அந்தப் பக்கம் போய்வந்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். எங்கள் டிவியில் எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி போக வேண்டுமோ அதை வரிசையில் ஏற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் பெரிய தொடர் வரும். அதை எழுதுகிறவருக்கு ராக் பைத்தியம். மேல்மாடியில் இருக்கும் எங்கள் வானொலியில் முன்பு ஒரு ராக் குழு பத்துப் பாட்டுப் பதிவு செய்திருந்தது. அந்தப் பத்துப் பாட்டின் தலைப்பையும் அப்படியே தன் பத்து எபிசோடுக்கும் வைத்துவிட்டார். 'பெட்ரோல் பூ' என்று ஒரு பாட்டு, 'பெட்ரோல் பூ' என்று ஒரு எபிசோடு. நேற்றுப் போக வேண்டியது கடைசி எபிசோடு, 'ஏழாவது மாடியில் இடி'.

வானொலிக்கும் டிவிக்கும் ஒரே சர்வர்தான். போன செவ்வாய்க்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு, இடம் நிரம்பிவிட்டது, இரண்டிரண்டாக இருப்பதில் ஒன்றை அழி என்றார். நல்ல பெயர் வாங்கும் ஆசையில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அழித்தேன். பட்டியலில் தலைப்பும் சேர்த்த தேதியும்தான் கண்ணுக்குத் தெரியும். பாட்டா, எபிசோடா, எவ்வளவு நேரம் ஓடும் என்றெல்லாம் பார்க்க வலப்பக்கம் தள்ள வேண்டும். நான் தள்ளவில்லை. ஒரே தலைப்பில் இரண்டு இருந்தால் பழையதை வைத்துக்கொண்டு புதியதைத் தூக்கினேன். பழையது எல்லாம் பாட்டு.

நேற்று ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வரிசையைச் சரிபார்க்கிறேன். கடைசி எபிசோடுக்கு நேராக, நான்கு நிமிடம் பத்து விநாடி என்று இருக்கிறது. ஐம்பது நிமிடம் இருக்க வேண்டிய இடம். குப்பைத்தொட்டியைத் திறந்தேன். அது மூன்று நாளுக்கு ஒரு முறை தானாகக் காலியாகும். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பக்கத்து நாற்காலியில் டிரம்ஸ் இருந்தார். எந்நேரமும் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். என் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். சர்வர் கோளாறு என்று சொன்னால் யாரும் நோண்ட மாட்டார்கள், கையெழுத்து முடியட்டும் என்று காதோடு சொன்னார். நல்ல மனசுக்காரர். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோளாறு என்றால் முதலில் சர்வரைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். அதிலேயே ஏழு மணி ஆகிவிடும். இல்லாததைத் தேடி என்ன கிடைக்கும்?

மேடம் அறைக்குள் போய், நின்றபடியே சொன்னேன்.

"மேடம், கடைசி எபிசோடு இல்ல. செவ்வாய்க்கிழமை நான்தான் அழிச்சேன். பாட்டும் அதுவும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். திட்டுவதற்கு நேரமில்லை என்று அந்த வரிசையிலேயே தெரிந்தது. தொடரின் எடிட்டருக்குப் போன் போட்டார். எடிட்டர் தன் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தாராம். வண்டியைத் திருப்பி, ஈரத்தலையோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முழுசாக அனுப்பினால் ஏழரை ஆகிவிடும், விளம்பர இடைவேளைப்படி நான்கு துண்டாக அனுப்புகிறேன் என்றார்.

முதல் துண்டு ஆறு ஐம்பத்தாறுக்கு வந்தது. ஏற்றினேன். ஏழு மணிக்கு ஓடத் தொடங்கியது. அது ஓடும்போதே இரண்டாவதும் வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டுகிறோம் என்றார் டிரம்ஸ். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாவதுதான் காலை வாரியது. இரண்டாவது துண்டு முடிந்து, விளம்பரமும் முடியப்போகிறது. கோப்பு எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் கோடு பாதியில் நிற்கிறது. இன்னும் நான்கு நிமிடம் என்று காட்டுகிறது. கையிருப்பில் விளம்பரமும் இல்லை. திரை கறுத்தால் ஊரே பார்க்கும்.

நான்கு நிமிடம். அந்த எண்ணைத்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்துப் பதறினேன்.

"பாட்டப் போடலாம் மேடம்," என்றேன். "தலைப்பு அட்டைய நிறுத்தி வச்சுட்டு, அந்தப் பாட்டையே போட்டுடலாம். பதிவு நம்மளோடதுதானே?"

மேடம் ஒரு விநாடிதான் யோசித்தார்.

"நீ அழிக்காம விட்டது அது ஒண்ணுதான். போடு."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'ஏழாவது மாடியில் இடி'. இரண்டாவது துண்டின் கடைசியில்தான் அந்தத் தொடரின் அம்மாக்காரி, காணாமல் போன மகனைத் தேடிப் படியேற ஆரம்பித்திருந்தாள். அங்கே கித்தார் உறுமியது. பிறகு அந்தப் பாடகி, தொண்டை கிழியும்படி, மாடி மாடியாக எண்ணிக்கொண்டு ஏறுகிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அண்ணா. டிரம்ஸ் இரண்டு கையாலும் மேஜையைப் பின்னி எடுத்தார். மேடத்தின் கால்கூட ஆடியது, நான் பார்த்தேன். பாட்டு முடியப் பதினோரு விநாடி இருக்கும்போது கோடு நிறைந்தது. ஏற்றினேன். கடைசிச் சத்தம் அடங்கவும், தொடரில் அந்த அம்மாவுக்கு ஏழாவது மாடிக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. நான்காவது துண்டு சமர்த்தாக முன்கூட்டியே வந்தது.

எட்டு மணிக்குள் போன் மேல் போன். நடுவில் அந்தப் பாட்டை வைத்தது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். தொடரை எழுதியவரே கூப்பிட்டார். அந்தக் காட்சியை அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே எழுதினாராம், வைக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். மேடம் எங்கள் யோசனை என்று பெருமையடித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இங்கே ஒரு பெண் எபிசோடை அழித்துவிட்டாள் என்று உள்ளதைச் சொன்னார். மறுமுனையில் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாட்டுக்காக இல்ல," என்றார். "அது அதிர்ஷ்டம். ஆறு பத்துக்குப் பார்த்தே, ஆறே காலுக்கு என் முன்னாடி நின்னே. நீ ஆறே முக்காலுக்கு வந்திருந்தா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போயிருப்போம்."

கையெழுத்துப் போட்டார். கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி எழுதிப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்: 'பணி நிரந்தரம். சர்வரில் எதையும் அழிக்கும் அனுமதி மட்டும் தரவேண்டாம்.'

இன்று காலை போய் உட்கார்ந்ததும் பார்த்தேன், என் திரையில் அழிக்கும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. நிஜமாகவே வேலை செய்யவில்லையா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. அவ்வளவு நிம்மதி, அம்மா.