புறவாசல் மண்

தென்காசி முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஆறுமுகநயினாருக்குத் தோட்ட வேலையில் ஆசை வந்ததே மனைவி பார்வதியம்மாளால்தான். அந்த அம்மாள் புறவாசலில் ஆசையாக வைத்த பிச்சிக்கொடி இரண்டு முறை பட்டுப்போயிற்று. மனுஷர் அதைத் தமக்கே வந்த மானக்கேடாக எடுத்துக்கொண்டார். வெற்றிலைக்கொடிக்கும் மிளகுக்கொடிக்கும் வித்தியாசம் தெரியாதவர், கோர்ட்டுக்கு வருகிற வயல்காட்டுச் சம்சாரிகளைப் பிடித்துவைத்து உரம், மண் என்று குடைய ஆரம்பித்தார். வாய்தாவுக்கு வந்தவர்கள் பாவம், பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"மண்ணுல சத்து இல்லய்யா. கோடையில குளம் வத்துனதும் வண்டல் அடிங்க" என்றார் ஒருவர். வயலுக்கு அடிக்கிற வண்டலை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து அடிக்கலாமா என்று சொன்னவருக்கும் தோன்றவில்லை, கேட்டவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் புறவாசலில்தான் அவர்களுடைய பிள்ளை இருந்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பிறந்த அன்றே கண்ணை மூடிவிட்டான். ஐப்பசி அடைமழை, சிற்றாறு கரைபுரண்டு ஓடியது, ஆற்றங்கரை இடுகாட்டுக்குப் போக வழியில்லை. நயினார் கோர்ட் வேலையாகத் திருநெல்வேலிக்குப் போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்களே முருங்கை மரத்தடியில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். மழையில் எவ்வளவு ஆழம்தான் வெட்ட முடியும்?

திரும்பி வந்தவருக்கு, பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஊரில் இறந்துபோகிற மற்றப் பிள்ளைகளையும்போல ஆற்றங்கரையில்தான் புதைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று பார்வதியம்மாள் நினைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் சோறு தின்ற இரண்டு பேர், இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

பார்வதியம்மாள் கீரை ஆய்வதும் அரிசி புடைப்பதும் அந்த முருங்கையடியில்தான். பிச்சி வைத்ததும் அங்கேதான். நிழலுக்காக உட்காருகிறாள் என்பது நயினாருடைய எண்ணம்.

அந்தக் கோடையில் ஆய்க்குடியிலிருந்த அவள் தாயாருக்கு உடம்பு முடியாமல் போக, அவள் போய் ஒரு மாதம் தங்கினாள். அவள் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நயினாருக்குத் துடிப்பு. வண்டிக்கார மசூதைக் கூட்டிவந்து காட்டினார்.

"இதுமேல வண்டல் அடிச்சா தரை வீட்டவிட உசந்துரும் அண்ணாச்சி. சாரல்ல தண்ணி பூரா அடுப்பங்கரைக்குள்ள வந்துரும்" என்றார் மசூது. "பழைய மண்ணத் தொடையளவு வெட்டி எடுத்துட்டு அடிப்போம். குத்தாலத்துல சீசன் கடை போடுத பள்ளத்த மேடாக்க மண்ணு கேக்காங்க. அங்க கொண்டு தட்டிருதேன்."

நயினாருக்கு ஒரே சந்தோஷம். கொடிக்கு வெயில் வேண்டும் என்று முருங்கையையும் வெட்டச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமும் மண்வெட்டி பிடித்தார். வெட்டிய மண்ணில் வேரும் கல்லும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

சாரல் தொடங்கிய சமயத்தில் பார்வதியம்மாள் வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் புறவாசலுக்குக் கூட்டிப்போனார். கரேலென்று வண்டல், வரிசையாகப் பிச்சிப் பதியன்கள், எல்லாம் துளிர் விட்டிருந்தன.

"முருங்கை எங்க?" என்றாள்.

"வெட்டியாச்சு. மண்ணையே மாத்திட்டேன்ட்டி. இனிமே பூவா பூக்கும் பாரு."

"இங்கன கெடந்த மண்ணு?"

"அது குத்தாலத்துக்குப் போயிட்டு."

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அதுலதான பிள்ள கெடந்தான்" என்றாள்.

நயினாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் ஆத்தங்கரையிலல்லா போய் நின்னேன்" என்றார். "ஐப்பசி பொறந்தா ஒங்கிட்டச் சொல்லாம போய் நிப்பேன். அங்கனதான் கெடக்கான்னு அவன்கூடப் பேசிட்டு வருவேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். பிள்ளை செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் மசூதின் வண்டியிலேயே இருவரும் குற்றாலம் போனார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து மசூது அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மண் கொட்டிய இடத்தைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரு கடையில் நேந்திரங்காய் வறுவல், ஒரு கடையில் மங்குஸ்தான் பழம். அருவியில் குளித்த கூட்டம் ஈரத்துண்டோடு அதன்மேல் போவதும் வருவதுமாக இருந்தது.

"நம்ம வீட்டு மண்ணு எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டாள் பார்வதியம்மாள்.

"பரத்தி விட்டாச்சும்மா" என்றார் மசூது. "எல்லாப் பக்கமும்தான்."

நயினார் வண்டியிலிருந்து இறங்கி விறுவிறுவென்று அந்தத் தரையை நோக்கிப் போனார். போய் என்ன செய்வதாக இருந்தாரோ, அவருக்கே தெரியாது. பார்வதியம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிதிச்சிராதீய" என்றாள். "எங்கன கெடக்கானோ."