நார்மலுக்கு மூன்றாவது சாட்சி

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. எதைச் சொன்னாலும் “யார் சொன்னது?” என்று கேட்கிற பிறவி. அவளுடைய மேலதிகாரிக்கு ‘கத்தரி’ என்று பெயர். யார் எதை எழுதி நீட்டினாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் மனிதர் பேசவே ஆரம்பிப்பார். இருவரும் ஓர் அறையில் சேர்ந்தால் மற்றவர்கள் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவர்கள் தொகுத்தது, நம் பேச்சில் குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்களின் அகராதி. பரந்த பொருளோடு வந்த சொற்கள் இங்கே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. கண்ணாடிக் கடைக்காரருக்குப் ‘பவர்’ என்றால் கண்ணுக்குத்தான். ‘சுகர் இருக்கா?’ என்று டாக்டர் கேட்டால் யாரும் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. ‘சீரியஸ்’ என்று போன் வந்தால் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

சந்தேகத்துக்கு முதன்முதலாகத் தனக்கென்று ஒரு சொல் சிக்கியிருந்தது: நார்மல். இயல்பு என்ற அகலமான பொருள் சுருங்கிச் சுருங்கி, கத்தி படாத பிரசவம் என்றே ஆகிவிட்டது என்பது அவள் கட்சி. கத்தரி ஒப்பவில்லை.

“பக்கத்துல டெலிவரின்னு ஒரு வார்த்தை நிக்காம அந்த அர்த்தம் வராதும்மா. தனியா யாரு சொல்றாங்க?”

“எல்லாரும்தான் சார்!”

“எல்லாரும் வேணாம். மூணு பேரைக் காட்டு.”

அது அந்த அலுவலகத்தின் சட்டம், கத்தரியே வகுத்தது. ஒரு புதுப் பொருள் அச்சேற மூன்று சாட்சி வேண்டும். சேகரிப்பவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லக் கூடாது. எதிராளி தானாகச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் சாட்சி செல்லாது. லிஃப்ட் ஓட்டுகிறவரும் தையற்கடை அம்மாவும் ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். மூன்றாவது சாட்சிதான் போக்குக் காட்டியது. இன்று மாலைக்குள் கிடைக்காவிட்டால் அவளுடைய சொல் இல்லாமலே பக்கம் அச்சுக்குப் போய்விடும்.

இந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அவளுக்குப் பயம் பாதி, பேராசை பாதி. பிரசவ வார்டு வாசலில் மூன்றாவது சாட்சி கிடைக்காமல் வேறெங்கே கிடைக்கும்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்கா கணவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்தாள். “கடவுளே, எப்படியாவது நார்மலா ஆயிடணும்.”

சந்தேகம் துள்ளி எழுந்தாள். உடனே உட்கார்ந்தாள். பெற்ற தாய், செல்லாது.

எதிர் பெஞ்சில் ஒரு பெண்மணி. சந்தேகம் நைசாகப் பேச்சுக் கொடுத்தாள். “உங்க பொண்ணா உள்ள?”

“மருமக. மூத்தது அவளுக்கு நார்மல்...” சந்தேகத்தின் கை பேனாவுக்குப் போனது. “...டெலிவரிதான்” என்று முடித்தார் அந்த அம்மாள், அவள் வயிற்றெரிச்சல் தெரியாமல். பக்கத்தில் இருந்தவர் ‘சுகப்பிரசவம்’ என்று சுத்தத் தமிழில் சொல்லிக் கழுத்தை அறுத்தார். மற்ற நாளாக இருந்தால் அவருக்கு மாலையே போட்டிருப்பாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த அழுகை கேட்டது. அவளும் அம்மாவும் மாமாவும் ஒன்றாக எழுந்தார்கள். பாட்டில் மூடி எங்கேயோ உருண்டு போனது. நர்ஸ் கதவைத் திறந்தார்.

“பொண்ணு! கத்தியே வைக்கல. அம்மாவும் பிள்ளையும் சூப்பரா இருக்காங்க.”

அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு அது உறைக்கவே இல்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். மாமா நர்ஸை நோக்கிக் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார். பையில் போன் அலறியது.

கத்தரி. “பக்கத்தை மூடப் போறேன். கிடைச்சுதா, இல்லையா?”

“இல்ல சார், மூடிடுங்க!” என்றாள், சந்தோஷம் தாங்காமல். “எங்க அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! இப்பதான்!”

“அடேடே! ரொம்ப சந்தோஷம்மா! நார்மலா?”

“சார்!” என்றாள் அவள்.

“அது வந்து...” என்றார் கத்தரி. “நான் எப்படிச் சாட்சியாக முடியும்?”

“ஏன் சார்? நீங்க எனக்குச் சொந்தமா?”

“இல்ல.”

“நான் அந்த வார்த்தையைச் சொன்னேனா?”

“சொல்லல.”

“பக்கத்துல டெலிவரி நின்னுதா சார்?”

பெருமூச்சு ஒன்று வந்தது. பிறகு பேனா காகிதத்தில் ஓடும் சத்தம். தான் வைத்த சட்டத்தைத் தானே வெட்ட அந்தக் கத்தரிக்கு மனம் வரவில்லை.

“சரி, சேர்த்தாச்சு. ஏம்மா, கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லலையே. நார்மலா, இல்லையா?” இந்த முறை நிஜமான கவலையோடு கேட்டார்.

சாட்சி கெட்டுவிடும் என்று வாரக்கணக்காக அந்தச் சொல்லை நாக்கில் வைக்காமல் காத்தவள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“நார்மல் சார்! நார்மல்!”