கண்ணன் நின்ற சுவர்

மல்லேசுவரத்துச் சேஷகிரி ஐயங்கார் அலுவலகத்தில் கண்டிப்புக்குப் பெயர்போனவர். வீட்டு ஆசாரத்திலோ அதனினும் கண்டிப்பு. கொல்லைப்புறமே இல்லாத அவ்வீட்டில், அடுக்களையையும் பூஜை அறையான பெருமாள் உள்ளையும் கடந்தே குளியலறைக்குப் போக முடியும். கொத்தனார் ஒருவர் சிமெண்டுச் சட்டியோடு அவ்வழியே நடப்பதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே தரை வெடித்தும் மூலைகளில் பாசி படிந்தும் அந்த அறை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது.

மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த மைத்துனன் ரங்கா ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அத்திம்பேர், இதுலே தவளைதான் ஸ்நானம் பண்ணும்! நம்மாத்துலே மொசைக் போட்டாச்சு, வந்து பாருங்கோ."

அந்தச் சிரிப்பு தைத்துவிட்டது. அவ்வாண்டு மார்கழியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, சேஷகிரி தாமே வேட்டியை மடித்துக் கட்டினார். பழைய தரையைப் பெயர்த்தார்; நீர் ஓடும் வாட்டம் பார்த்துப் புதுத்தரை போட்டார். கழிவுநீர்க் குழாயின் வாயில் சணல் சுற்றிச் சிமெண்டு அடைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு ஜலம் விடப்படாது, கோமளம். சிமெண்டுக் கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்."

"விடிஞ்சா வைகுண்ட ஏகாதசியாச்சே. ரங்காவாத்துலே குளிச்சுட்டு வாங்கோளேன்னா."

"அவன் மொசைக்கை மெச்சிண்டே குளிக்கணுமாக்கும்?"

விடிந்ததும் கோமளம் தான் மட்டும் தம்பி வீட்டுக்குப் போய் நீராடி வந்தாள். சேஷகிரி தம் குளியலறையிலேயே, வெந்நீர் அண்டாவான ஹண்டேயிலிருந்து மொண்டு, திருநாமம் சொல்லிக்கொண்டே தலையில் ஊற்றினார். நீர் ஒரு சொட்டும் தேங்காமல் வடிந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அது வடிந்த இடம் வேறு. இறுகாத சிமெண்டு குழாயின் அடியில் கரைந்து வழிவிட, நாள்தோறும் அவர் நீராடிய நீர் மறைவாகப் பெருமாள் உள்ளின் சுவரில் ஊறிற்று. அந்தச் சுவரில்தான் கோமளத்தின் தாய் சீராகத் தந்த தஞ்சாவூர்ப் படம் மாட்டியிருந்தது: வெண்ணெய் ஏந்திய பாலகிருஷ்ணன். பிள்ளையில்லாத அவ்வீட்டில் கோமளம் அதைக் 'குழந்தை' என்றே சொல்வாள்.

ஆடியில் அவள், "சுவர் ஒரு மாதிரி வாடை அடிக்கறதேன்னா" என்றாள்.

"மழைக்காலம்" என்றார் சேஷகிரி.

ஆண்டுக்கொருமுறை, கண்ணன் பிறந்த ஸ்ரீஜயந்திக்குத்தான் அந்தப் படத்தை இறக்குவது வழக்கம். அன்று இறக்கித் துணியால் ஒற்றினாள். பின்பலகை உப்பிப் பொருமியிருந்தது; சுவரில் குளியலறைப் பக்கமிருந்து ஈரம் பரவியிருந்தது. வெண்ணெய் ஏந்திய கையும் பாதி முகமும் துணியோடு பெயர்ந்து வந்துவிட்டன.

அவள் சொல்லப்போவதை எதிர்நோக்கிச் சேஷகிரி தலைகுனிந்து நின்றார். அவளோ துணியைப் பதறாமல் மடித்தாள்.

"இத்தனை மாசமா ஈரத்துலேயே நின்னுண்டிருந்திருக்கான்."

மறுநாள் கொத்தனார் சின்னப்பா அடுக்களை வழியாக உள்ளே வந்து தரையை உடைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சேஷகிரி துண்டும் செம்புமாக மைத்துனன் வாசலில் போய் நின்றார். எந்தக் கேலியானாலும் இன்று பொறுத்துக்கொள்வதென்று இருந்தார்.

"வாங்கோ அத்திம்பேர். ஹண்டேலே வென்னீர் இருக்கு" என்றான் ரங்கா. விலகி வழிவிட்டான்.

குளித்துவிட்டுப் பன்னிரு திருமண் இட்டுக்கொள்ள உட்கார்ந்தார். கேசவன் தொடங்கி ஒவ்வொரு நாமமாகச் சொல்லி இட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது, வெண்ணெய் திருடிக் கயிற்றில் கட்டுண்டவனின் பெயர். விரலில் குழைத்த மண் உலர்ந்துகொண்டிருந்தது. நாவில் அந்தப் பெயர் எழவில்லை.