பத்து நிமிடம் கை வைக்கக் கூடாது

வண்டி குளிர்ந்தால் மகள் வருவாள். குளிராவிட்டால் வரமாட்டாள். காலையிலிருந்து அவன் தலைக்குள் ஓடியது இவ்வளவுதான்.

மகளுக்கு நாலு வயது. அம்மா இறந்த வாரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள், ஏழு மாதமாக அங்கேயே இருக்கிறாள். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம். வெயில் தாக்கினால் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும் குழந்தை. ஏசி இல்லாத வண்டியில் பகலில் அனுப்ப முடியாது என்று அண்ணி, அவன் மனைவியின் அக்கா, கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த ஊர்ப் பள்ளியில் சேர்க்க நாளை காலைதான் கடைசி. படிவத்தில் கையெழுத்து விழுந்தால் இன்னும் ஒரு வருடம் அங்கேதான்.

மின்சார வண்டிகள் மட்டும் பார்க்கும் ஷெட் அது. மெக்கானிக் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டியிருந்தார். அறுவை சிகிச்சைக்கு வந்த டாக்டர் மாதிரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"ஒரு மாசமா கூலிங் கம்மி. நேத்துலேர்ந்து சுத்தமா இல்ல. வெறும் அனல் காத்து."

"நேத்து என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

ஆகியிருந்தது. நேற்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, உதிரிபாகக் கடையில் ஏசி கேஸ் டப்பா ஒன்று வாங்கி அவனே ஏற்றினான். அரை மணி நேரம் ஜில்லென்று இருந்த மாதிரி தோன்றியது. பிறகு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, எல்லாம் நின்றது. அவன் பொறியியல் பட்டதாரி. அதை ஒரு மெக்கானிக்கிடம் சொல்ல வாய் வரவில்லை.

மெக்கானிக் பேட்டரி இணைப்பின் பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனில் அலாரம் வைத்தார்.

"பத்து நிமிஷம் சார். அதுவரைக்கும் ஆரஞ்சு வயர்ல யாரும் கை வைக்கக் கூடாது. உள்ள மிச்ச கரண்ட் நிக்கும்."

"அஞ்சு நிமிஷத்துல போயிடாதா?"

"போயிடும். சில சமயம் ஆளும் கூடவே போயிடுவாரு."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான். சுவரில் சாய்த்திருந்த டயர்களை எண்ணினான். பதினாலு. மறுபடி எண்ணினான். பதிமூன்று. போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, கிளம்பியாச்சா?"

"ஷெட்ல இருக்கேன் அண்ணி. பார்த்துட்டிருக்காங்க."

"போன மாசம் கட்டில் வரலன்ன. அதுக்கு முந்தி பெயிண்ட் வாடை போகலன்ன. இப்ப வண்டியா?"

குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது.

"வர இஷ்டமில்லன்னா சொல்லிடு தம்பி. நான் வளர்த்துக்கறேன். மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டேன். ஆனா அவகிட்ட 'அப்பா நாளைக்கு வருவார்'னு இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது."

"வண்டி ரெடியானதும் வர்றேன்," என்றான். ஆகாவிட்டால் என்ன என்று அவளும் கேட்கவில்லை.

அலாரம் அடித்தது. மெக்கானிக் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியால் துடைத்து அவனிடம் நீட்டினார். துணியில் பச்சை.

"இது பெட்ரோல் வண்டிக்கான ஆயில் சார். அந்தக் கடை டப்பாவுல கேஸோட இதுவும் கலந்து வரும். இந்த வண்டியில கம்ப்ரஸரோட மோட்டாரே ஆயில்ல முங்கித்தான் ஓடும். தப்பான ஆயில் போனா கரண்ட் கசியும். கசிஞ்சா வண்டி தானே கம்ப்ரஸரை நிறுத்திடும். யாரு ஏத்தினது?"

அவன் துணியைப் பார்த்தான். தெரியாது என்றால் போதும். எவனோ ஒரு மெக்கானிக் தலையில் பழி போய்விடும்.

"நான்தான்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. வண்டியின் முன்பக்கம் குனிந்து, கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பாலித்தீன் பையை உருவினார்.

"உங்க ஒரு மாசத்துக் கோளாறு இதுதான். காத்தை அடைச்சிருக்கு. கேஸ் குறையவே இல்ல சார்."

"இன்னிக்கு சரியாகுமா?"

"மொத்தத்தையும் கழுவணும். ரெண்டு நாள். அதுவரைக்கும் ஓட்டவும் கூடாது, எப்ப வேணா நடுரோட்டுல நின்னுடும். வேணும்னா வீட்டுக்கு நான் பேசட்டுமா? நம்ம வண்டியைப் பத்தி நாமே சொல்றதைவிட மெக்கானிக் சொன்னா நம்புவாங்க."

இரண்டு நாள். இதைவிட நல்ல காரணம் அவனுக்குக் கிடைக்காது. கட்டிலும் பெயிண்டும் அவன் கண்டுபிடித்த சாக்குகள். இதற்கு மீட்டர் சாட்சி, மெக்கானிக் சாட்சி. நெஞ்சில் ஏதோ இறங்கியது. அது நிம்மதி என்று புரிந்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. அம்மா இல்லாத குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்ற நிம்மதி.

"வேண்டாம். நானே பேசிக்கறேன்."

முதல் மணியிலேயே அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, வண்டி ரெண்டு நாளைக்கு ஆகாது. நான்தான் கெடுத்தேன். இப்ப பஸ் பிடிக்கறேன். வெயில் தாழ்ந்ததும் அவளைக் கூட்டிட்டு பஸ்லயே திரும்பிடறேன்."

மறுமுனையில் பாத்திரம் வைக்கும் சத்தம்.

"படிவம்?" என்றாள்.

"இங்க சேர்க்கறேன். அதைக் கிழிச்சிடுங்க."

"நீ வா. வாசல்ல உன்னைப் பார்த்துட்டுக் கிழிக்கறேன்." பிறகு குரல் மாறியது, வேலை சொல்லும் குரல். "பஸ்ல ஏறினதும் தூங்கிடுவா. தூங்கணும்னா யாரோட காதையாவது பிடிச்சுக்கணும். பிராண்டுவா. தட்டி விட்டுடாத."

அவனுக்கு இது தெரியாது. ஏழு மாதத்தில் வந்த பழக்கம்.

"எந்தக் காது அண்ணி?"

"அதெல்லாம் அவ பார்க்க மாட்டா. எது கிடைக்குதோ அது."