மஞ்சள் வில்லாவின் வாசலில் பைன் கொத்து

"'தயவுசெய்து'ன்னு மட்டும் ஆரம்பிக்காதே. அதைக் கேட்டாலே வீட்டுக்காரம்மாவுக்கு 'முடியாது'ன்னு சொல்லத் தோணிடும்," என்றான் வின்சென்ஸ்.

"பின்னே எப்படித்தான் ஆரம்பிக்கிறது?"

"அந்தம்மாவோட ரோஜாச் செடியைப் புகழு. அப்படியே நடுவுல விஷயத்தை நுழைச்சிடு."

ரோஸ்விதாவுக்கு நடுவில் நுழைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும்போதும் நதி எங்கே கடலில் கலக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் மலைக்கு வருவாள். அதே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வின்சென்ஸ், அன்றைய நடையையே இதற்கொரு ஒத்திகையாக வைத்திருந்தான். மலையுச்சி வரை பஸ்ஸில் போய், திராட்சைத் தோட்டங்களின் வழியே ஊரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு வீட்டுக்கார அம்மா வருகிறார்.

ஒன்பது வருடத்தில் ஏழு வீடு மாறியவள் ரோஸ்விதா. புத்தகப் பெட்டிகளை ஒன்றுவிடாமல் பிரித்து அடுக்கியது இந்த வில்லாவின் கீழ்த்தள அறைகள் இரண்டில்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் சரிவில் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்கு அப்பால் டான்யூப் நதி வெயிலில் கிடக்கும். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. தன் தங்கை மகன் ஒருவன் வீடு கேட்கிறான் என்று வீட்டுக்கார அம்மா கடிதம் போட்டிருந்தார். அதே கடிதத்தில், இந்த வீட்டுக்கு வேண்டியது அமைதி ஒன்றுதான் என்ற வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

செப்டம்பர் ஞாயிறு. பாதி வியன்னா மலையில்தான் இருந்தது. ஒரே தோட்டத்தில் பல ஜாதிக் கொடிகள் கலந்து நின்றதால் பழங்களில் மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்பும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து ஒன்றாகவே பிழிவார்கள். வேலிக்குள் கையை விட்டு ஒரு பழத்தைப் பறித்த வின்சென்ஸ், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டே, இப்போது ரோஜா வசனத்தைச் சொல்லிக்காட்டு என்றான். அவள் சொன்னாள். மகா மோசம் என்றான்.

பழைய வில்லாக்கள் தொடங்கும் வளைவில், பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் மனைவியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். கீழே இருக்கும் மஞ்சள் வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்று அவராகவே எச்சரித்தார். வாசலில் பைன் கொத்தைக் கட்டியிருக்கிறார்களாம். ஆனால் ஊற்ற ஆளில்லையாம். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தார்களாம்.

"கொத்தைக் கட்டினா ஊத்தணும். ஊத்த மனசில்லேன்னா எதுக்குக் கட்டணும்?" என்றார்.

"எந்த மஞ்சள் வீடு?" என்றாள் ரோஸ்விதா.

"வாசல்ல ரெண்டு கல் சிங்கம். ஒண்ணுக்கு மூக்கு இல்லை."

வெள்ளிக்கிழமைக் காற்றில் அவள் குடியிருந்த வீட்டுத் தோட்டத்துப் பைன் மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து விழுந்திருந்தது. அதை வெட்டி, கயிறு போட்டுக் கட்டி, பாதையை அடைக்கவேண்டாமே என்று வாசல் கம்பத்தின் கொக்கியில் மாட்டியவள் அவள்தான். இந்தச் சரிவில் வாசலில் பைன் கொத்து தொங்கினால், இன்று எங்கள் சொந்தத் திராட்சை மது உண்டு, உள்ளே வரலாம் என்று அர்த்தம். வியன்னாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாததல்ல; மாட்டும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"டீச்சரம்மா, ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாக்கிங் வந்திருக்கீங்க," என்றான் வின்சென்ஸ்.

மணி மூன்றரை. இருவரும் ஓடினார்கள்.

தோட்டத்தில் இருபது பேராவது இருந்தார்கள். வராந்தா நாற்காலிகள் புல்தரைக்கு இறங்கியிருந்தன. மது ஊற்றும் தோட்டங்களின் வழக்கப்படி அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுவந்து பிரித்திருந்தார்கள்: ரொட்டி, வேகவைத்த முட்டை, முள்ளங்கி, பன்றிக்கொழுப்பு. ஒருவர் அக்கார்டியன் வாத்தியத்தின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்க ரோஸ்விதா முன்னே போனாள். இது மதுக்கடை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பெண்மணி காலி ஜாடியை அவள் கையில் திணித்துவிட்டு, அப்பாடா, ஒருவழியாக வந்துவிட்டீர்களே என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வரவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் பிரிபில் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த தோட்டத்துக்காரர் அவர்; அவருடையது நிஜமான மதுக்கடை. இங்கே விற்றால்தான் குற்றம், சும்மா கொடுத்தால் யார் கேட்பார்கள் என்று சொல்லி, பாதி நொதித்துக் கலங்கலாக நுரைத்துக்கொண்டிருந்த புதுச்சாற்றை ஒரு கேன் நிறைய வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார். வின்சென்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஊற்றத் தொடங்கினான். அக்கார்டியனும் தொடங்கியது.

சரியாக நான்கு மணிக்கு வீட்டுக்காரரான டாக்டர் நவ்ராட்டில் அம்மா வாசலில் நின்றார். டாக்டர் என்னவோ அவருடைய கணவர்தான். அவர் போய்ப் பதினைந்து வருடமாகியும் பட்டம் அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். ஜாடியும் கையுமாக நின்ற ரோஸ்விதாவைப் பார்த்தார்.

அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். யாரோ ஒரு கிளாஸை அவர்முன் வைத்தார்கள். அம்மா உட்கார்ந்தார். புதுச்சாற்றை அந்த ஊர் முறைப்படி இடது கையால் எடுத்து, யாருடைய கிளாஸிலும் மோதாமல் குடித்தார்.

"இங்கே அடிக்கடி வருவீங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எப்பவாவது," என்றார் அம்மா. இன்னொரு மடக்குக் குடித்தார். "முன்னெல்லாம் இவ்வளவு கூட்டம் இருக்காது."

வின்சென்ஸ் தூரத்தில் நின்று ரோஜாச் செடியைக் கண்ணால் காட்டினான். ரோஸ்விதா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜாடியைப் புல்லில் வைத்துவிட்டு அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அக்கார்டியனை மீறிக் கேட்கவேண்டுமே என்று சற்று உரக்கவே சொன்னாள்:

"டாக்டரம்மா, இந்தச் சத்தத்துக்கெல்லாம் நான்தான் காரணம். ஆனா எனக்கு இங்கேருந்து போக மனசில்லை. தயவுசெய்து இன்னும் கொஞ்ச காலம் என்னை இந்த வீட்டுலயே இருக்க விடுறீங்களா?"