பார்க்கலாம் என்றார் முதலாளி

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று எவரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மகராசன் ஒருநாள்கூட மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றிருக்க மாட்டார். அங்கே வருகிறவர்கள் எல்லாருமே கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் வருவார்கள். பார்வை சரியில்லை, பாவம். ஆனால் அந்தக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னவளுக்கு அத்தனை முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிப்பதாகத்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வயது அவளுக்கு. இரண்டு வருடத்துக்கு முன் மனநோய் வந்து, யாருமில்லாத அறையில் குரல் கேட்டு, மருந்தில் தேறியவள். குரல்கள் போய்விட்டன, முகங்களைப் படிப்பதில் இருந்த தடுமாற்றம் போகவில்லை. யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று நினைப்பாள். முறைத்தால், துரத்துவதற்குள் தானே முந்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்படியே இரண்டு வேலை போயிற்று. "ஊகிக்காதே, கேள்" என்று மருத்துவமனை ஆலோசகர் ஒற்றை வரி மந்திரம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கேட்டாள், வருகிற ஒவ்வொருவரிடமும்.

"சார், கோவமா இருக்கீங்களா, இல்ல கண்ணு தெரியலையா?"

"கண்ணுதாம்மா" என்பார்கள். ஒரு தையல்காரர் மட்டும், "கோவம்தான். நீங்க குடுத்த கண்ணாடியில ஊசி ரெண்டா தெரியுது" என்றார். எடுத்துப் பார்த்தால், இடது லென்ஸும் வலது லென்ஸும் இடம் மாறியிருந்தன. சரிசெய்து கொடுத்தாள்.

முதலாளியிடம் மட்டும் அதைக் கேட்க நா எழவில்லை. ஒரு மாதச் சோதனை வேலை முடிந்த சாயங்காலம், "நாளையிலிருந்து வரட்டுமா சார்?" என்றாள். அவர் நெற்றியில் மூன்று கோடு விழ அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார்.

"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்டி" என்றாள் அக்கா, வீட்டில். "மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம அப்படிச் சொல்றது."

"நீ ஊகிக்கிறே."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, இந்த வேலையும் போனால் இனி வீட்டுக்குள்ளேதான் என்ற பயத்தில் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடையில் போய் நின்றாள். முதலாளி நிமிர்ந்தார். அதே மூன்று கோடு. கால் வாசல் பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்து நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"பார்க்கலாம்னு சொன்னீங்க சார். பாக்க வந்திருக்கேன். நீங்க என் மேல கோவமா, இல்ல கண்ணு தெரியலையா?"

ஃபிரேமை இறுக்கிக்கொள்ள வந்திருந்த தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரைப் பாத்து சிரிக்கிறீங்க?" என்றாள் அவரிடம், குரல் நடுங்க.

"உன்னை இல்லம்மா, இவரை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுட்டு, தனக்கு கழுகுக் கண்ணுன்னு பீத்திக்கிறாரே."

"கழுகேதான்யா" என்று எழுந்த முதலாளி, சுவரிலிருந்த எழுத்துப் பலகையை வீறுகொண்டு வாசித்தார். மூன்றாவது வரியில் கழுகு நொண்டியது. நான்காவதில் உட்கார்ந்தே விட்டது.

சின்னவள் பவர் பார்க்கும் ஃபிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு அவர் மூக்கில் மாட்டினாள். மூன்று கோடும் மறைந்தன. பலகையைக் கடைசி வரி வரை படித்தவர், அவள் பக்கம் திரும்பி அப்படியே நின்றார்.

"ஏம்மா, இப்படிப் பயந்துக்கிட்டா ஒரு மாசமா இங்க நின்னே? உர்ருன்னு நிக்கிறே, வேலை புடிக்கலைன்னுல்ல நெனச்சேன்."

"நீங்களும் ஊகிச்சிருக்கீங்க சார். கேட்டிருக்கலாம்."

"இப்பக் கேக்குறேன். புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு சார்."

"அப்ப நாளைக்கும் வந்துடு."

"பார்க்கலாம் சார்" என்றாள் சின்னவள்.

நல்லவேளை, முதலாளி கண்ணாடியைக் கழற்றியிருக்கவில்லை. அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.