சரியாகப் போட்டவன் குட்டலாம்

கே.ஜி.கண்டிகை கஜபதிக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும். வாய் அப்புறம்தான் திறக்கும். ஆள், மாடு என்ற பேதமெல்லாம் கிடையாது. ஏற்றம் இறைக்கிறவன் அசந்தால் அறை, வண்டி மாடு படுத்தால் உதை. ஊரில் அவரைக் கண்டு ஒதுங்கினார்களே தவிர, மதித்தார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே பிள்ளையாக வந்து வாய்த்தவன் சுந்தரமூர்த்தி. எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதினான். மற்றதெல்லாம் தேறிவிடும், கணக்கு காலை வாரிவிடும். முதல் தடவை பதினொரு மார்க்கு. கஜபதி சாட்டையால் விளாசினார். இரண்டாவது தடவை பத்தொன்பது. கிணற்றடித் தூணில் கட்டிவைத்துப் பச்சைப் புளிய விளாரால் உரித்தார். குறுக்கே விழுந்த ரத்தினம்மாளுக்கும் இரண்டு விழுந்தது.

"எட்டு மார்க்கு ஏறிகீது நைனா!" என்று பையன் அலறினான். அதற்கும் ஒன்று வைத்தார்.

வெறும் வீம்புக்கு அடிக்கவில்லை மனிதர். ரத்தினம்மாளின் அண்ணன் கோதண்டபாணி அரக்கோணத்தில் ரயில்வே கார்டு. அவர் மகள் அம்சாவைச் சுந்தரமூர்த்திக்கு என்று தொட்டிலிலேயே பேசி வைத்தாயிற்று. ஆனால் கோதண்டபாணி தீபாவளிக்கு வந்தபோது, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த தபா பாஸ் பண்ணட்டும், மச்சான். இல்லன்னா சித்தூர்ல ஒரு தாசில் குமாஸ்தா கேட்டுகினே கீறான். கோவிச்சிக்காதீங்க." ஏழு பங்காளிகள் உட்கார்ந்திருந்த பந்தியில் சொன்னார். கஜபதிக்கு மானம் கப்பலேறிப் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு விளைச்சலும் இல்லை, வெள்ளாமையும் இல்லை; கணக்கில் முப்பத்தைந்து மார்க்கு ஒன்றுதான் தூக்கத்திலும் விழிப்பிலும்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த வருஷம் பார்த்துக் கணக்குப் பரீட்சை கடினமாகப் போகிறது என்றார் ஹெட்மாஸ்டர். வேண்டியதை எழுதி வேண்டாததை விடுகிற சலுகை குறையுமாம், அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் கூடுமாம். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. "இதுக்கா சொதந்திரம் வாங்கினானுங்க?" என்று கஜபதி பள்ளிக்கூட வாசலிலேயே கத்தினார்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த சத்திரம். அதில் ஆதிகேசவன் என்பவர் சாயங்கால டியூஷன் வைத்திருந்தார். பகலில் ரிஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தா, சாயங்காலம் வாத்தியார். பாதி நேரம் பொடி போட்டுத் தும்முவார், மீதி நேரம் தூங்குவார். ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் தேறினார்கள். காரணம், அங்கே ஒரு சட்டம் இருந்தது. கணக்கைச் சரியாகப் போட்டவன், தப்பாகப் போட்டவன் தலையில் குட்டலாம். குட்டினவன் தப்பு எந்த வரியில் என்று அந்தக் கணமே சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாமல் முழித்தால் அந்தக் குட்டு இரண்டாகத் திரும்பி அவன் தலையிலேயே விழும். அதனால் சும்மா குட்ட எவனுக்கும் தைரியம் வராது.

இந்தச் சட்டம் கஜபதிக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை. பையனைக் கொண்டுபோய் நிறுத்தி, ஊர் வழக்கப்படி, "கண்ணை மட்டும் வுட்டுட்டு மீதி எதுனா பண்ணிக்குங்க சார்" என்று ஒப்படைத்துவிட்டு வண்டியேறினார். பெற்றவன் வாயால் இதைச் சொன்னால்தான் அந்தக் காலத்து வாத்தியார்களுக்குக் கை வரும்.

மூன்று மாதம் ஓடிற்று. மாசிக் கிருத்திகைக்கு மலைமேல் பையனுக்கு மொட்டை என்று கஜபதி வேண்டிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள். பாஸான பிறகு முடி கொடுப்பதுதானே முறை என்றாள் ரத்தினம்மாள். "வாங்கிகினவன் வேல செய்வான். வாங்காதவனுக்கு இன்னா அவசரம்?" என்றார் கஜபதி. முருகனையும் அவர் கூலியாள் மாதிரிதான் நினைத்தார்.

முடி இறக்கும் இடத்தில் நாவிதர் தேசப்பன் தண்ணீர் தெளித்து, நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கத்தியை நிறுத்தினார்.

"ஐயா, கத்தி ஓடலீங்க. தலை பூரா பொடைச்சிகினு கீது. புளியங்கொட்டை புளியங்கொட்டையா."

கஜபதி குனிந்து பார்த்தார். புதுசும் பழசுமாகப் புடைப்புகள், சில இடங்களில் கன்றிப்போயிருந்தது. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆதிகேசவன் வாங்கின சம்பளத்துக்கு வஞ்சனை இல்லாமல் உழைத்திருக்கிறார் என்று நினைத்தார்.

"சாரு கை இவ்ளோ கெட்டியாடா?" என்று சிரித்தார்.

"சாரு குட்ட மாட்டாரு நைனா. ராஜவேலுதான் குட்டுவான். நல்லாச் சொல்லிக் குடுப்பான்" என்றான் சுந்தரமூர்த்தி. மூன்று மாதமாக ஒருவரிடமும் சொல்லாத சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. "போன மாசம் தெனம் பத்து குட்டு. இப்போ ரெண்டுதான் வுழுது."

"எந்த ராஜவேலு?"

"நம்ம துளசிங்கம் பையன்தான்."

துளசிங்கம் கஜபதியின் பண்ணையாள். அவன் மகன் ராஜவேலு அந்தச் சத்திரத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவன், கணக்கில் முதல் ஆள். தன் வீட்டுச் சாணி அள்ளுகிறவன் பெற்ற பிள்ளை, தன் பிள்ளை தலையில் மூன்று மாதமாகக் குட்டியிருக்கிறான்! பக்கத்தில் முடி கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்துவிட்டது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் செய்தான். கஜபதி அவனை ஒரே அறையில் உருட்டிவிட்டு, பாதி மொட்டையோடு பையனை இழுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் துளசிங்கத்தைக் கூப்பிட்டார். "உம் புள்ளையக் கூட்டியா" என்றார். ஏதோ வேலைக்கு என்று நினைத்து அவனும் ஓடிப்போய் அழைத்து வந்தான். பாவி மனுஷன், தன் கையாலேயே கொண்டுவந்து விட்டான்.

மாட்டுக் கொட்டகையில் வண்டிச் சக்கரத்தோடு ராஜவேலுவைச் சேர்த்துக் கட்டினார்கள். சாட்டை முதல் வீச்சில் சட்டை கிழிந்தது. இரண்டாவதில் தோல் கிழிந்தது. அப்புறம் எண்ண எவனுக்கும் நெஞ்சில் தெம்பில்லை. துளசிங்கம் கஜபதியின் காலைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அறியாப் புள்ள ஐயா, என்னை அடிங்கையா" என்று கதறினான். அவனுக்கும் முகத்தில் ஓர் உதை விழுந்து பல் உடைந்தது. மாடுகளெல்லாம் மிரண்டு கயிற்றை இழுத்தன. இவ்வளவுக்கும் ராஜவேலு ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"வாத்தியார் சட்டங்க அது. நான் தப்பாப் போட்டா சின்னையாவும் என்னைக் குட்டலாம்."

அதுதான் கஜபதிக்கு வெறியை ஏற்றிவிட்டது. என் பிள்ளைக்கும் உனக்கும் ஒரே சட்டமா?

"எந்தக் கையிடா? இந்தக் கைதானே?"

கட்டை அவிழ்த்து ராஜவேலுவின் வலது கையைத் தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் வைத்து அழுத்தினார். மாட்டு முளை அடிக்கிற கொட்டாப்புளி பக்கத்திலேயே கிடந்தது. நாலு சேர் எடையுள்ள வேலமரக் கட்டை. அதை ஓங்கினார்.

"நைனா, வாணாம்!" என்று பாதி மொட்டைத் தலையோடு பாய்ந்து வந்தான் சுந்தரமூர்த்தி. "ஜியாமெட்ரி பாக்கி கீது நைனா! அவன் கை பூட்ச்சின்னா நான் பெயிலு!"

சிநேகிதம், தியாகம் என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம். அவனுக்குப் பாஸாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ராஜவேலுவின் கைமேல் தன் கையை வைத்து மூடினான். ஓங்கின கட்டையை நிறுத்த கஜபதிக்கு என்றைக்குத் தெரிந்திருந்தது? அது இறங்கியது. பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி சத்தம் கேட்டது. ராஜவேலு கையை உருவிக்கொண்டான். இரண்டு நகம்தான் போயிற்று. சுந்தரமூர்த்தியின் கை தொட்டி விளிம்பிலேயே கிடந்தது, விரல்கள் போகக்கூடாத பக்கமெல்லாம் போய்.

ரத்தினம்மாள் ஓடிவந்து பார்த்தாள். "அடப்பாவி, உன் குடி வெளங்குமா!" என்று புருஷன் மார்பிலேயே அறைந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. கஜபதி வாங்கிக்கொண்டு நின்றார்.

வண்டியைப் பூட்டிக்கொண்டு புத்தூருக்குக் கட்டுப் போட ஓடினார்கள். எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது பையன் போட்ட கூச்சலில் கட்டுப்போடுகிறவரே கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து நாள்ல பேனா புடிப்பானா?" என்று கேட்டார் கஜபதி.

"பேனாவா? சோத்தை எடுத்து வாயில வைக்கவே ரெண்டு மாசம் ஆவும். எவன் அடிச்சான் இப்படி?"

கஜபதி வண்டியைப் பூட்டப் போனார். துளசிங்கம் மறுநாளே உடைந்த பல்லோடு குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு, திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டான்.

கணக்குப் பரீட்சையன்று காலையிலிருந்து சுந்தரமூர்த்தியைக் காணவில்லை. கிணற்றில் விழுந்துவிட்டானோ என்று கஜபதி இரண்டு கிணற்றில் எட்டிப் பார்த்தார். அப்புறம் தோன்றி, திருத்தணிக்கு வண்டியை விரட்டினார். பள்ளிக்கூட மதிலோரம் புங்கமரத்தடியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான் பையன். எதிரில் ராஜவேலு, அப்போதுதான் எழுதிவிட்டு வந்திருந்தான். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு கறை தெரிந்தது. இருவருக்கும் நடுவே கேள்வித்தாள்.

கஜபதி மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு கணக்காக சுந்தரமூர்த்தி வாயாலேயே போட்டான். ராஜவேலு குச்சியால் மண்ணில் எழுதினான். ஒன்றில் குறி மாறிப் போயிற்று. ஒன்று பாதியில் நின்றது. மற்றதெல்லாம் வரி வரியாக ஓடி முடிந்தது. வட்டம் வந்தது, முக்கோணம் வந்தது. கஜபதிக்கு ஓர் எழுத்து விளங்கவில்லை. ஆனால் ராஜவேலு "ஆங், சரி" என்று சொல்வது மட்டும் விளங்கியது. அதைத்தான் அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். விரல் தீர்ந்துபோயிற்று.

பொறுக்க முடியாமல் மதிலைச் சுற்றி வந்தார்.

"எத்தினி வந்திருக்கும்?"

ராஜவேலு எழுந்து நின்றான். பழக்கதோஷம். "அம்பத்தெட்டு வந்திருக்குங்க."

முப்பத்தைந்து போதும் அவருக்கு. கோதண்டபாணியின் முகத்தில் வீசி எறிய அம்பத்தெட்டு வந்திருக்கிறது, அதை அவரே தொட்டிக் கல்லில் வைத்து நசுக்கியிருக்கிறார். ஓவென்று அழத் தோன்றியது; அழுது பழக்கமில்லை.

"அட்த்த வருசம் எழுதட்டும்" என்றார். "அரக்கோணத்தான் கையில கால்ல வுழுந்தாவது நிறுத்தி வைக்கிறேன். நீ வந்து சொல்லிக் குடுப்பா. உங்கப்பனையும் கூட்டியா. உனக்கு இன்னா வேணுமோ கேளு."

ராஜவேலு கேள்வித்தாளை மடித்து சுந்தரமூர்த்தியின் மடியில் வைத்தான். மண்ணில் எழுதியதைக் காலால் அழித்தான். பிறகு நிமிர்ந்து, "வர மாட்டேங்க" என்றான்.

அந்தச் சொல்லை ஒரு பண்ணையாள் வீட்டு வாயிலிருந்து கஜபதி பிறந்தது முதல் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாமலேயே வலது கை மேலே போய்விட்டது. ராஜவேலு நகரவில்லை. சுந்தரமூர்த்திதான் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி மதிலோடு ஒட்டிக்கொண்டான்.

கஜபதி அதைப் பார்த்தார். தூக்கின கையை இறக்கினார். இறக்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.